புல்லோரம் வெட்டும் மிஷின்

எங்கள் அப்பா நல்ல மிஷினைக் கெடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை காலை. ஜார்ஜ்டவுனில் எங்கள் வீட்டு முன்புறம் இருப்பதே கைக்குட்டை அளவு புல்தரை. அது சிமெண்டுப் பாதையில் படராமல் ஓரம் வெட்ட, சித்தப்பா வாங்கி வந்த பெட்ரோல் மிஷின் அது. சின்னச் சக்கரங்கள், பக்கவாட்டில் நிமிர்ந்து நிற்கும் ஒரு பிளேடு. எண்ணெய் பார்ப்பது, பிளேடு மாற்றுவது எல்லாம் சித்தப்பாதான்.

ஆனால் அத்தை மகள் கல்யாணத்தில், வாசலில் முன்னால் நின்று விருந்தாளிகளை வரவேற்பது அண்ணனா தம்பியா என்று இருவருக்கும் முட்டிக்கொண்டது. அதோடு பேச்சு நின்றது. சித்தப்பா கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், புக்கிட் மெர்தாஜாமில் உள்ள தன் வீட்டிலேயே இருந்துவிட்டார். இந்தத் தீபாவளிக்காவது வருவாரா என்பதுதான் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி.

அப்பா குனிந்து, மிஷினின் ஸ்பார்க் பிளக்கின் மேலிருந்த ரப்பர் மூடியைப் பிடுங்கி விட்டார். பிறகு தெருவுக்கே கேட்கும்படி கயிற்றை இழுத்தார். மிஷினுக்கு உயிர் வரவில்லை. எப்படி வரும்?

"இது ஸ்டார்ட் ஆகாது லா. வாங்கினவனே வந்து பாக்கட்டும்," என்று சமையலறைப் பக்கம் திரும்பிச் சொன்னார். அம்மா உடனே மாவுக் கையோடு சித்தப்பாவுக்குப் போன் போட்டார். அப்பா சவரம் செய்யப் போனார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிளேடைத் தொடும் முன் அந்த மூடியைக் கழற்ற வேண்டும், வேலை முடிந்ததும் மாட்ட வேண்டும் என்று சித்தப்பா சொல்லித் தந்திருக்கிறார். பாவம், அப்பா மறந்துவிட்டார் போல. நானே அழுத்தி மாட்டிவிட்டேன்.

பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில் சித்தப்பா வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. "எங்கேம்மா மிஷினு?" என்று என்னிடம்தான் கேட்டார். சோக் விசையைத் தள்ளி, கயிற்றை ஒரே இழுப்பு. மிஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது.

புதுச் சட்டையோடு வெளியே வந்த அப்பாவின் முகம் செத்துப் போயிற்று.

"நான்தான் சரி பண்ணேன்! அப்பா மூடியக் கழட்டி விட்டுட்டாரு, நான் மாட்டிட்டேன்!" என்று கத்தினேன். ஒருவரும் பாராட்டவில்லை. சித்தப்பா மிஷினை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார். பிளக்கைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

சித்தப்பா ஹெல்மெட்டைக் கீழே வைத்தார்.

"பிளேடு மொண்ணை லா, அண்ணே. இத வச்சி வெட்ட முடியாது."

"அதான் நானும் பாத்தேன்டா," என்றார் அப்பா.

"புது பிளேடு சித்தப்பா! கல்யாணத்துக்கு முன்னாடி நீங்கதானே மாட்டுனீங்க," என்று நான் ஆரம்பித்ததும், அம்மா வந்து காதைப் பிடித்து முறுக்கு பிழிய இழுத்துப் போனார். சன்னல் வழியாகப் பார்த்தேன். சித்தப்பா முதலில் அந்த ரப்பர் மூடியைத்தான் பிடுங்கினார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, கூரான பிளேடைக் கழற்றி, மாறி மாறி அரத்தால் தேய்த்தார்கள். தேநீர் போயிற்று, பிறகு சோறு போயிற்று. அப்பா சிரிக்கும் சத்தமும் கேட்டது. புல்லை மட்டும் யாரும் வெட்டவில்லை.

தீபாவளியன்று சிமெண்டுப் பாதை முழுக்கப் புல் படர்ந்து கிடந்தது. வாசல் கேட் அருகே அப்பாவும் சித்தப்பாவும் தோளோடு தோள் உரச நின்று வந்தவர்களை வரவேற்றார்கள். புல்லைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம், "மிஷின் ரிப்பேர் லா," என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

எனக்கு அழுகை அழுகையாக வந்தது. மிஷினுக்கு ஒன்றுமில்லை, இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று வருகிறவர்களிடம் சொல்லத் துடித்தேன். வாயைத் திறந்தபோதெல்லாம் அம்மா அதில் ஓர் அதிரசத்தைத் திணித்தார். நல்ல நாளும் அதுவுமாக இப்படிப் புளுகுகிறவர்களைப் பார்த்து அம்மா ஏன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார் என்று எனக்குக் கடைசி வரை விளங்கவில்லை.