குறுக்கே வைக்காத கரண்டி

என் ஓர்ப்படி டிவி சமையல் போட்டிக்குத் தேர்வானபோது, குடவாசல் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரே ஃபோன் செய்து வாழ்த்தியது. எனக்கு வயிறு எரிந்தது. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது ரசத்தைக் கொதிக்கவிடாமல் இறக்கக்கூட அவளுக்குத் தெரியாது. எல்லாம் என் பக்கத்தில் நின்று கற்றது. முதல் வாரமே நடுவர், "யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். "நானாவே கத்துக்கிட்டேன் சார்" என்றாள். சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நான் காபியைப் பாதியில் கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் சாமிக்குப் படைக்கும் முன் எதையும் வாயில் வைக்கக் கூடாது. உப்புகூடப் பார்க்க மாட்டோம். இரண்டு பேர் மாறி மாறிச் சமைக்கும் அடுப்படி என்பதால் மாமியார் ஒரு வழி வைத்திருந்தார். உப்புப் போட்டவள் கரண்டியைப் பாத்திரத்தின் வாயில் குறுக்கே வைத்துவிட வேண்டும். கரண்டி உள்ளே கிடந்தால் இன்னும் உப்புப் போடவில்லை. "நாங்க ருசி பார்க்கவே மாட்டோம், வாசனையிலேயே தெரிஞ்சிடும்" என்று ஓர்ப்படி டிவியில் சொல்லிக் கைதட்டு வாங்கினாள். கரண்டி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

ஜெயித்தால் கும்பகோணத்தில் சொந்தமாக ஒரு மெஸ் போட்டு, புருஷனோடு அங்கேயே போய்விடுவதாக இருந்தாள். தோற்றால் பழையபடி எங்கள் அடுப்படிதான். இறுதிக்கு முந்தைய சுற்றுக்குக் குடும்பத்தில் ஒருவரைக் கூட்டி வரச் சொன்னார்கள். என்னைக் கூப்பிட்டாள். "நீங்க பக்கத்துல இருந்தாத்தான்க்கா எனக்குத் தைரியம்." பாதிச் சமையல் நான் செய்ய வேண்டும், மணி அடித்ததும் நான் விலகிக்கொள்ள, மீதியை அவள் முடிக்க வேண்டும். இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது.

வெண்டைக்காய் மோர்க்குழம்பு. உப்புப் போட்டேன். கரண்டியை எடுத்துக் குறுக்கே வைக்கப் போனேன். 'நானாவே கத்துக்கிட்டேன் சார்' என்றது நினைவுக்கு வந்தது. கரண்டியை உள்ளேயே விட்டேன். மணி அடித்தது.

அவள் ஓடி வந்து பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள், உப்பை அள்ளிப் போட்டாள். நடுவர் ஒரு வாய் சாப்பிட்டவர் காகிதத்தில் துப்பினார். "வாசனையில உப்பு தெரியலையாம்மா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மறைப்பானேன், எனக்கு இனித்தது.

ஊர் திரும்பும்வரை ரயிலில் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"கரண்டி உள்ள கெடந்த மாதிரி இருந்துச்சேக்கா."

"குறுக்கதாண்டி வச்சேன். பதட்டத்துல நீ சரியா பார்க்கல."

நம்பிவிட்டாள். தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். நான்தான் அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன், முதுகைத் தடவிக் கொடுத்தேன், தண்ணீர் பாட்டில் வாங்கித் தந்தேன்.

ஒரு மாதம் கழித்து அந்தச் சுற்று ஒளிபரப்பானது. கேமரா என் கையைத் தனியாகக் காட்டும் என்று நான் நினைக்கவே இல்லை. கை உப்புப் போட்டது, கரண்டியை எடுத்தது, பாத்திரத்தின் மேல் ஒரு நொடி நின்றது. பிறகு கரண்டி மெதுவாகக் குழம்புக்குள் இறங்கியது. பின்னணியில் வீணை வேறு. ஊரெல்லாம் பார்த்தது, யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எங்கள் கூடத்தில் இருந்த மூன்று பெண்களுக்குப் புரிந்தது.

"உள்ளதானே விட்டிருக்க" என்றார் மாமியார்.

ஓர்ப்படி என் பக்கம் திரும்பவில்லை. விளம்பரங்களைக்கூட ஒன்று விடாமல் பார்த்தாள்.

மறுநாள் காலை சாம்பாருக்கு உப்புப் போட்டுக் கரண்டியைக் குறுக்கே வைத்தேன். மாமியார் பூஜைக்குப் பூ தொடுத்துக்கொண்டிருந்தார். ஓர்ப்படி வந்தாள். கரண்டியை எடுத்து, சாம்பாரை உள்ளங்கையில் ஊற்றி, என்னைப் பார்த்துக்கொண்டே நக்கினாள். மாமியார் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்து அடுத்த பூவைத் தொடுத்தார்.

இரண்டு வருடமாகிறது. இன்றுவரை நான் சமைப்பது அவள் நாக்குக்குப் போன பிறகுதான் சாமிக்குப் போகிறது.