எலிக்குட்டியின் தாடையோடு சிவகாசிக்கு ஒரு நாள்

மூன்று வருடமாக நான் பார்த்துக்கொண்டிருப்பது எலிக்குட்டியின் தாடையை. அதுவும் இன்னும் பிறக்காத குட்டி. வாயைத் திறந்து மூடும் மூட்டு காதுக்கு முன்னால் இருக்கிறது; அதன் உள்பக்கத்தைப் போர்த்தும் மெல்லிய உறை கருவில் எப்படி உருவாகிறது என்பதுதான் என் ஆய்வு. நுண்ணோக்கியில் எடுத்த வண்ணப் படங்களை நல்ல தாளில் அச்சடித்து, ஆய்வேட்டோடு திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். கோப்புகளை முன்பே அனுப்பிவிட்டு, ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை சிவகாசிக்குக் கிளம்பினேன்.

மதுரை மாட்டுத்தாவணியில் 6.10-க்குப் பேருந்து. ஐம்பது கிலோமீட்டர், விருதுநகரில் இறங்கும்போது 7.30. பேருந்து நிலையக் கடையில், அந்த ஊருக்குப் பேர்போன எண்ணெய்ப் பரோட்டா கேட்டேன். "அது சாயங்காலந்தாம்மா, இப்ப இட்லி சாப்பிடுங்க" என்றார் கடைக்காரர். தாடைக்குப் பெரிய வேலை கிடைக்கவில்லை. அடுத்த பேருந்து இருபத்தேழு கிலோமீட்டர், இருபத்தைந்து ரூபாய். ஆமத்தூர் தாண்டியதும் பட்டாசு ஆலைகளின் சின்னச் சின்ன அறைகள், வேப்பமரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளித் தெரிந்தன.

அச்சகத்தில் என் முறை வரும்போது மணி பன்னிரண்டரை. படங்களைக் கணினியில் சரிசெய்பவர் மாரீஸ்வரி. ஏழு மாதக் கர்ப்பிணி.

"வாங்கக்கா. அம்புட்டுப் படத்தையும் சுத்தம் பண்ணிட்டேன். ஒண்ணுல மட்டும் நீளமா ஒரு கீறல். அதை அடைக்க நேத்து பாதி நாள் ஆயிருச்சு."

எந்தப் படம் என்று திரையில் எட்டிப் பார்த்தேன். அது கீறல் இல்லை. ஒட்டிக்கிடக்கும் திசுவுக்குள் மூட்டு முதன்முதலாகத் திறக்கும் இடம். அந்த வெள்ளைக் கோட்டின் ஓரத்தில்தான் உறையின் முதல் செல்கள் வரிசை கட்டி நிற்கும். அது இல்லாவிட்டால் என் ஆய்வேட்டில் காட்ட ஒன்றுமே இல்லை. சாமி படத்திலும் பட்டாசு லேபிளிலும் வெள்ளைக் கோடு விழுந்தால் அடைத்தே பழகிய கை; அது தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தது.

"மூலப் படத்தை அழிக்கலக்கா, தனியா வச்சிருக்கேன்" என்றார் மாரீஸ்வரி. ஆனால் கோடு இல்லாத அச்சுத் தகடு எந்திரத்தில் ஏறிவிட்டது. போர்மேன் அண்ணாச்சி கையை விரித்தார். "ரெண்டு மணிக்கு காலண்டர் ஏறணும்மா. ஆடிப்பெருக்குக்கு சாம்பிள் காலண்டர் ஆல்பம் போட்டாத்தான் ஆர்டர் வரும். ஒரு கோட்டுக்காக நிறுத்தச் சொல்லுறீகளே."

"அண்ணாச்சி, காதுக்கு முன்னாடி விரலை வச்சு வாயைத் திறங்க" என்றேன்.

திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். எந்திரக்காரர்கள் நான்கு பேரும் விரலை வைத்துக்கொண்டு ஆவென்று நின்றார்கள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! விரலுக்கடியில் அசையும் அந்த மூட்டு கருவில் இந்தக் கோடாகத்தான் முதலில் திறக்கும் என்றேன்.

"இந்தக் கோடு தெறக்கலைன்னா?" என்றார் அண்ணாச்சி.

"வாயைத் திறக்கவே முடியாது அண்ணாச்சி."

"ஏலே, தகட்டை எறக்குலே!"

புதுத் தகட்டுக்கு நாற்பது நிமிடம். அதற்குள் உங்களுக்குச் சில குறிப்புகள். ஆடிப்பெருக்கை ஒட்டிப் போகாதீர்கள்; எல்லா எந்திரங்களும் காலண்டருக்குப் போய்விடும். மாதிரித் தாளை அலைபேசியில் பார்த்துத் தலையாட்டாதீர்கள், நேரில் பாருங்கள். எந்தக் கோடு வேண்டும், எது வேண்டாம் என்று முதலிலேயே எழுதிக் கொடுங்கள். நான் கொடுக்கவில்லை, தப்பு என்னுடையது.

காத்திருக்கும்போது மாரீஸ்வரி வயிற்றில் கைவைத்துக் கேட்டார்: "எம்பிள்ளைக்கும் இப்படித்தானாக்கா?"

"உன் பிள்ளைக்கு நாலாம் மாசமே திறந்திருக்கும். உள்ள இருந்தே கொட்டாவி விடும்."

"விடுமா!" என்று முகமெல்லாம் பூத்துப்போனார்.

1.25-க்கு முதல் தாள் விழுந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியை என்னிடம் நீட்ட வந்த அண்ணாச்சி, என்ன நினைத்தாரோ, அதை மாரீஸ்வரியிடம் கொடுத்தார். அவர் குனிய முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தெறந்துருச்சுக்கா" என்றார்.