பதினோரு மணிக்கு மூன்று டம்ளர்

முப்பத்தொரு வருடம் ஒரு வேலையை ஒருநாள்கூடப் பிசகாமல் செய்த மனிதர், அந்த முப்பத்தொரு வருடத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது பிசகியிருக்க முடியுமா? ஒவ்வொரு நாளும் சரி, மொத்தம் தவறு என்று ஒரு வாழ்க்கை அமையுமா? என் அக்காவின் கணவரை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் போய் முட்டிக்கொள்கிறேன்.

அத்தான் ஒரு பீர் தொழிற்சாலையில் ருசி பார்ப்பவராக இருந்தார். கல்யாணப் பேச்சின்போது என் அப்பா சுற்றி வளைத்துக் கேட்டார்: "மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் ஏதாவது..."

"உண்டு மாமா. தினம் காலைல பதினோரு மணிக்கு. அதுக்குத்தான் சம்பளம் தர்றாங்க."

அப்பா சிரிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அக்கா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பால்தான் கல்யாணமே நடந்தது என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேலை இதுதான். பதினோரு மணிக்கு அவர் முன்னால் மூன்று டம்ளர் வைப்பார்கள். இரண்டில் நேற்றைய பீர், ஒன்றில் இன்றையது. எது எதில் என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்துவிட்டு, எது தனி என்று சொல்ல வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் அன்றைய சரக்கு நின்றுவிடும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் லாரிகள் கிளம்பும். அதாவது அவர் தோற்கும் நாள்தான் தொழிற்சாலைக்கு நல்ல நாள். இப்படிப்பட்ட வேலை உலகத்தில் அதிகம் இருக்காது என்று நினைக்கிறேன்.

அங்கே அவருக்குப் பெயரே 'நாக்கு'தான். மேலாளர்கூட "நாக்கு வந்தாச்சா?" என்றுதான் கேட்பாராம். வீட்டில் அந்த நாக்குக்கு அக்கா காவல். காலையில் காபி கூடாது, வெங்காயம் கூடாது, மிளகாய் ஞாயிற்றுக்கிழமை மட்டும். பற்பசையின் புதினா வாசம் மத்தியானம்வரை நிற்கும் என்று அத்தான் உப்பால் பல் தேய்த்தார். "நான் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்தேனா, ஆஸ்பத்திரியில சேந்தேனான்னே தெரியல" என்பாள் அக்கா. ஆனால் அவர் கிளம்பும் வரை தாளிக்க மாட்டாள்.

அவரைப் பெரிய மனிதர் என்று சொல்ல நான் வரவில்லை. பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்று கேட்டால் இரண்டு நிமிடம் யோசிப்பார். கவனமானவர். அதை மட்டும் தயங்காமல் சொல்லலாம்.

தொழிற்சாலையை மூடியபோது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. தானியம் வேகும் வாசம், ஈர பிஸ்கட் போல, தெருவில் அதுவரை காலை நேரம் முழுவதும் நிற்கும். அது ஒரே வாரத்தில் இல்லாமல் போனது. அடுத்த ஏழு வருடமும் பதினோரு மணியானால் அத்தானுக்கு இருப்புக் கொள்ளாது. எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, யாரும் கேட்காமலே "இன்னைக்குக் குளோரின் கொஞ்சம் அதிகம்" என்பார்.

பிறகு ஒருநாள் ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். தொழிற்சாலையின் பாட்டில் கழுவும் கூடத்தை வாடகைக்கு எடுத்து, அங்கேயே பீர் காய்ச்சி அங்கேயே விற்கும் கடை ஒன்றை நடத்துகிறாளாம். பழைய தொழிற்சாலை பீரை மறுபடி காய்ச்சியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை பழைய தொழிலாளர்களைக் கூப்பிட்டு, பழைய பெயரிலேயே ஒரு பீர்க் குழாயைத் திறக்கப் போகிறாள். அதற்குமுன் அதுதான் இது என்று ஒருவர் சொல்ல வேண்டும். பீரைப் பல வருடம் எடுத்துவைக்க முடியாது. சில மாதத்திலேயே ஈர அட்டைப்பெட்டி வாசம் வந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க மிச்சம் இருந்தது அத்தானின் நாக்கு மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு நானும் துணைக்குப் போனேன். அக்கா அன்று மத்தியானம் குழம்பில் மிளகாயே போடவில்லை. ஏழு வருடத்துக்குப் பிறகு.

கடை இன்னும் திறக்கவில்லை. நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு குழாய்கள், மேலே கரும்பலகையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: மாம்பழம் போட்டது, காபி போட்டது, புகையூட்டியது. எட்டாவதுக்கு நேரே மட்டும் எழுத்து இல்லை. அத்தான் பலகையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"சரிவை அப்படியே விட்டு வெச்சிருக்கியேம்மா. தண்ணி இந்தப் பக்கம்தான் ஓடும். அந்தத் தூண்கிட்ட வெள்ளை விளக்கு போட்டு, அதுக்கு முன்னால பொம்பளைங்க உக்காந்து ஓடுற பாட்டிலப் பாப்பாங்க, தூசி துரும்பு கெடக்கான்னு. இருபது நிமிஷத்துக்கு மேல பாத்தா கண்ணு பொய் சொல்லும். ஆள மாத்திருவோம்."

"நாக்கு பொய் சொல்லாதா சார்?" என்றாள் அவள். முப்பது வயதிருக்கும். ரப்பர் பூட்ஸ், ஈரக் கை.

"அதுக்குத்தானே மூணு டம்ளர்."

அவள் இரண்டு டம்ளர்தான் வைத்தாள். அத்தான் இடது பக்கத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, முகர்ந்து, ஒரு வாய் குடித்தார்.

"இது அது இல்லம்மா. கசப்பு தூக்கலா இருக்கு."

வலது பக்கத்தை எடுத்தார். குடித்ததும் தோள் இறங்கியது. "இதான். எப்படிம்மா புடிச்ச?"

அவள் சிரிக்கவில்லை. "ரெண்டுமே உங்க பீர்தான் சார். வலது பக்கம், கடைசி வருஷத்து அளவுச் சீட்டப் பாத்துக் காய்ச்சினது. இடது பக்கம், நீங்க சேந்த வருஷத்துச் சீட்டு."

"இருக்காது. என்கிட்ட வராம அங்க ஒண்ணும் மாறாது."

"இன்னொரு வாய் குடிங்க."

இடது டம்ளரை மறுபடி எடுத்தார். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டார். ஜன்னல் வழியாக வந்த வெயில் மேசையில் கொஞ்சம் நகர்ந்தது என்று சொல்லலாம்; அவ்வளவு நேரம் வாயிலேயே வைத்திருந்தார்.

"ஆமா," என்றார். "அடித்தொண்டையில போய் உக்காருது பாரு. கல்யாணமான புதுசுல ராத்திரி சாப்பிடறப்பக்கூட இது இருக்கும். உங்க அக்காகிட்ட அப்ப சொல்லியிருக்கேன்." இது என்னைப் பார்த்து. "எப்பப் போச்சு இது?"

அவள் ஒரு கோப்பைக் கொண்டுவந்து வைத்தாள். காய்ச்சும் அறையின் சீட்டுகள். மாடி அலமாரியில் கிடைத்தவை. கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் என்ற காய்ந்த பூ, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி குறைந்துகொண்டே வந்திருந்தது. கடைசியில் பாதிகூட இல்லை. ஒவ்வொரு சீட்டின் ஓரத்திலும் பென்சிலில் ஒரு வரி: 'நாக்குக்குத் தெரியவில்லை.' நான்கே சீட்டில் 'தெரிந்தது' என்று இருந்தது. அந்த நான்கு தடவையும் பழைய அளவுக்குத் திரும்பிப் போய், அடுத்த ஆறு மாதத்தில் அரைக் கைப்பிடி குறைத்திருந்தார்கள்.

அவர் நேற்றோடு மட்டுமே இன்றை ஒப்பிட்டார். நேற்றுக்கும் இன்றைக்கும் வித்தியாசம் இல்லை என்பது ஒவ்வொரு நாளும் உண்மை. சரக்கு மாறாமல் இருக்கக் காவல் என்று அவர் நம்பிய வேலை, எவ்வளவு மாற்றினால் யாருக்கும் தெரியாது என்று அளந்து சொல்லும் வேலையாக இருந்திருக்கிறது.

அத்தான் அந்த நான்கில் ஒரு சீட்டை விரலால் தொட்டார். "இந்த நாள் ஞாபகம் இருக்கு. எல்லா லாரியையும் நிறுத்தினேன். மேலாளர் தோள்ல தட்டிக் குடுத்தார். உன்னாலதான்யா இந்தத் தொழிற்சாலை நிக்குதுன்னார்."

சமையலறைப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் போய் அதை மூடிவிட்டு வந்தாள்.

"மன்னிச்சிருங்க சார். சொல்லாம விட்டிருக்கலாம். ஆனா வெள்ளிக்கிழமை முப்பது பேருக்கு மேல வர்றாங்க. பழைய பேர ரெண்டுல ஒண்ணுக்குத்தான் வைக்க முடியும். எதுக்குன்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா அவங்க மறுபேச்சு பேச மாட்டாங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு அத்தான்?" என்றேன். "இடது பக்கம்தான். அதுதானே நெசம்."

"நீ ரெண்டையும் குடிச்சுப் பாத்தியா?"

"இல்ல."

"பின்ன எதவெச்சுச் சொல்ற?"

படித்த புத்தகங்களை வைத்துத்தான் சொன்னேன்.

அவர் சீட்டுகளைத் தேதிப்படி அடுக்கி, கோப்பை மூடி, நாடாவைக் கட்டினார். பிறகு இடது டம்ளரை எடுத்து, வாய் வாயாக இல்லாமல் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். ஒரு டம்ளர் பீரை அவர் முழுதாகக் குடித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பாதி நிறைந்திருந்த வலது டம்ளரை அவள் பக்கம் தள்ளினார்.

"இதுக்கு வைம்மா அந்தப் பேர."

"சார், நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ம்."

வெள்ளிக்கிழமை பழைய ஆட்கள் வந்தார்கள். எட்டாவது குழாயிலிருந்து ஊற்றி ஊற்றிக் குடித்தார்கள். பாட்டில் பார்த்த பெண்களில் ஒருத்தி ஒரு வாய் குடித்துவிட்டுத் தூணில் சாய்ந்து அழுதாள். லாரி ஓட்டியவர் ஒருவர், "யோவ் நாக்கு, ஒரு மாத்தமும் இல்லய்யா" என்று அத்தானைக் கட்டிக்கொண்டார். "இல்லதான்" என்றார் அத்தான்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தார். ஏன் வலது பக்கத்தைச் சொன்னார் என்று நான் இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை, மழை வருகிறது, கொடியில் துணி கிடக்கிறது என்றார். இரண்டாவது தடவை காதில் விழாதது போல இருந்தார். அக்காவும் ஒருமுறை கேட்டிருக்கிறாள். அவளிடமும் சொல்லவில்லை.