எல்லோரும் ஜனவரி ஒன்றில் செத்தார்களாம்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போகிற ஆள் நான். நீங்களும் இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள். பட்டப்பகலில், மன்னார் பட்டணத்தில், மின்விசிறிக்குக் கீழே நடந்தது இது.

கடலில் காணாமற்போன மீனவர்களின் விபரங்களை இணையத்தில் ஏற்றுவது எங்கள் கந்தோரின் வேலை. ஆள், படகு, ஊர், திகதி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று தொடுத்துவிட்டால் கணினிக்கே அவற்றின் பொருள் விளங்குமாம். விளங்கிக் கிழித்தது! மறைந்த திகதி என்ற கட்டத்தில் ஆண்டு, மாதம், நாள் மூன்றும் இருந்தால்தான் அந்த மென்பொருள் சேமிக்க விடும், இல்லாவிட்டால் சிவப்புக் கோடு. கடலுக்குப் போய் வராதவன் செத்த நாள் யாருக்குத் தெரியும்? ஆண்டும் மாதமும் மட்டும் இருந்தாலும் ஏற்கும்படி கட்டத்தின் வகையை மாற்றுங்கள் என்று மேலாளரிடம் எத்தனையோ தரம் சொன்னேன்.

"அதெல்லாம் வீண் மினக்கேடு பிள்ளை. நாள் தெரியாட்டி ஜனவரி ஒண்டைப் போட்டு விடும்."

நம்பினால் நம்புங்கள், எங்கள் திரையில் ஆண்கள் வரிசையாக வருசப் பிறப்பன்று செத்துக் கிடந்தார்கள். அதை நம்பி அவர்களின் பிள்ளைகள் அந்த நாளில் தேவாலயத்தில் பூசை கொடுப்பார்களே என்ற எண்ணம்கூட அந்த மனுசனுக்கு இல்லை.

தலைமன்னார் ஸ்ரெல்லா அக்காவின் புருஷனுடைய பதிவை மட்டும் நான் சேமிக்காமல் வைத்திருந்தேன். அவரின் உடல் கிடைக்கவில்லை, சேமக்காலையில் கல்லறைக் குழியும் இல்லை. வருவார் என்று அக்கா அவர் போடுகிற சேட்டு ஒன்றைக் கதவடியில் கொழுவி வைத்திருந்தார். "அவர் கடலுக்குப் போன மாசத்தைப் போடுங்கோ பிள்ளை, செத்த நாள் எண்டு ஒண்டைப் போடாதேங்கோ" என்று என் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார்.

அன்று காலை மேலாளர் என் கதிரையில் உட்கார்ந்து அந்தப் பதிவிலும் ஜனவரி ஒன்றை அடித்துச் சேமித்தார். உடனே ஒரு நாற்றம். கரையில் ஒதுங்கி அழுகின சாதாழைப் பாசி நாறுமே, அதைவிட மோசம். திரையில் நாள் இல்லை, அவர் கடலுக்குப் போன ஆண்டும் மாதமும் மட்டும், சிவப்புக் கோடும் இல்லாமல்.

"ஆர் இங்க மீன் கொண்டந்தது?" என்று என்னை முறைத்துவிட்டுத் திரும்ப அடித்தார். திரும்பவும் நாள் அழிந்தது. விசைப்பலகைக்குள்ளிருந்து வழுவழுவென்று உப்புத் தண்ணீர் ஊறி அவர் விரல்களில் ஒட்ட, மனுசன் வாந்தி எடுக்க ஓடினார். எனக்குப் பயம்தான், ஆனால் அவர் ஓடியதில் சந்தோசமும் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

அப்போதுதான் ஸ்ரெல்லா அக்காவின் அழைப்பு வந்தது.

"பிள்ளை, அவற்ற சேட்டு நனைஞ்சு ஒழுகுது. பிழிஞ்சு போட்டன், திரும்பவும் நனைஞ்சிட்டுது. கடல் தண்ணி மணக்குது. அவற்ற பேரில ஏதும் செய்தனீங்களோ?"

மறைக்க மனம் வரவில்லை, நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் துணியைத் திரும்பவும் பிழிகிற சத்தம் கேட்டது.

"அப்ப அவர் தண்ணிக்குள்ளதான் கிடக்கிறார், என்ன? இண்டையான் திகதியைப் போடுங்கோ பிள்ளை. இண்டைக்குத்தான் அவர் எனக்குச் செத்தவர்."

அழுதுகொண்டே அடித்தேன். ஆண்டு, மாதம், நாள் எல்லாம் சரி. சிவப்புக் கோடு விழுந்தது.

அந்த மேலாளர் வேலையை விட்டுப் போய்விட்டார், விசைப்பலகையை எறிந்துவிட்டோம், மென்பொருளையே மாற்றிவிட்டோம். அக்கா ஒவ்வொரு வருசமும் அந்த நாளில் பூசை கொடுக்கிறார். நானும் ஒவ்வொரு வருசமும் அந்தத் திகதியை அடித்துப் பார்க்கிறேன். புது மென்பொருளும் இன்னும் அதை ஏற்கவில்லை. அடித்துவிட்டு எவ்வளவு சோப்புப் போட்டுக் கழுவினாலும், கையில் அந்தச் சாதாழை நாற்றம் அடுத்த நாளும் இருக்கிறது.