மூடி வைத்ததை நான் திறந்துவிட்டேன்

ஆரணியில் பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். புது டிசைன் கடைக்குப் போகும்வரை எங்கள் ஊரில் யாருக்கும் காட்ட மாட்டார்கள். வெளியாள் வந்தால் தறிமேல் துணியைப் போட்டு மூடிவிடுவார்கள்.

தறி நெய்யும் மேரி அக்கா, தீபாவளிக்காகத் தானே வரைந்த பார்டரைப் பென் டிரைவில் கொடுத்தார். அதைத் திறந்ததும் என் கம்ப்யூட்டர் திணறியது. வைரஸ்களை ஆராய்பவர்களின் இணையக் குழு ஒன்றில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். விதிகளைப் படிக்கவில்லை. எல்லாம் தெரிந்தவள் மாதிரி, பென் டிரைவில் இருந்த அத்தனையையும் அங்கே ஏற்றி, வைரஸ் இருக்கிறதா என்று கேட்டேன்.

ஒருவர் பதில் எழுதினார்: "வைரஸ் இல்லை. ஆனால் இங்கே ஒருவர் ஏற்றுவதை எல்லாரும் இறக்கிப் பிரித்துப் பார்ப்போம். இது யாரோ வரைந்த டிசைன் ஆச்சே?"

நீக்கச் சொல்லிக் கெஞ்சினேன். நீக்கினார்கள். அதற்குள் பலர் இறக்கியிருந்தார்கள்.

அக்காவிடம் போய் ஒப்புக்கொண்டேன். "ஊருக்கே மூடிகினு இருந்தேன். உன்கிட்ட மட்டும்தானேம்மா தொறந்து காட்னேன்" என்றார். அந்த பார்டரை அவர் நெய்யவே இல்லை.

ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை போல ஓர் எண் உண்டு; அதை வைத்துத் தெரிந்த வைரஸா என்று சொல்லலாம், உள்ளே இருக்கும் டிசைனைப் பார்க்க முடியாது. இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் அதை மட்டுமே குழுவில் கொடுத்துக் கேட்கிறேன்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். "வாம்மா" என்று சிரித்தபடியே எழுந்து, தறிமேல் துணியை இழுத்துவிட்டார்.