சுற்றறிக்கை வந்தும் நாங்கள் டியூட்டி எடுத்தோம்

உத்திரமேரூர்ப் பேருந்துப் பணிமனையில் அப்போது என்னைவிட சர்வீஸ் குறைந்த கண்டக்டர் கிடையாது. என்னைவிட வாய் நீளமானவரும் கிடையாது. பி.ஏ. முடித்த சூடு ஆறாத காலம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்களுக்கு டியூட்டி எடுக்கிற நாள். எந்த வண்டியில் யார் போவது என்பது மேலாளர் கையில் இல்லை. சர்வீஸில் மூத்தவர் முதலில் எடுப்பார், அப்புறம் அடுத்தவர். சங்கமும் நிர்வாகமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அப்படி. கடைசி ஆளான எனக்கு யாரும் தொடாத மண்ரோடு வண்டிதான் மிஞ்சும்.

அந்த முறை டிரைவர்களில் முதல் ஆள், திருப்புலிவனத்து அண்ணன். அவர் மனைவி பக்கவாதத்தில் படுத்திருந்தார். பகல் இரண்டு மணிக்கு மகள் கம்பெனி ஷிப்ட்டுக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் வேறு ஆளில்லை. ஒரு மணிக்கே முடிகிற காலைக் காஞ்சிபுரம் வண்டிக்காக அவர் வருடக்கணக்கில் காத்திருந்தார்.

டியூட்டி எடுக்கும் நாளுக்கு முந்தின நாள் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை. அரசு உத்தரவுப்படி ஒப்பந்தம் ரத்து, இனி மேலாளரே டியூட்டி ஒதுக்குவார். புது டியூட்டி சார்ட்டும் கூடவே ஒட்டப்பட்டது. அண்ணனுக்கு இரவில் திரும்பும் சென்னை வண்டி. காஞ்சிபுரம் வண்டி மேலாளருக்கு வேண்டிய ஒரு டிரைவருக்கு. அதில் கண்டக்டர், நான்.

"உனுக்கு இன்னா நைனா, லாட்டரி அடிச்சிக்கீது," என்றார் மெக்கானிக்.

அரை நிமிஷம் எனக்கு இனிக்கத்தான் செய்தது. பக்கத்தில் அண்ணன் அதைக் கடைசி வரி வரை படித்தார். "சாயங்காலம் அவளுக்கு யார் கஞ்சி குடுப்பா?" என்றார், யாரையும் பார்க்காமல்.

சங்க அறையில் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். வேலை நிபந்தனையை மாற்ற இருபத்தொரு நாள் முன்னறிவிப்பு வேண்டுமாம். நேராக மேலாளர் அறைக்கு ஓடினேன்.

"சார், நோட்டீஸ் எங்க?"

"இது கவர்மென்ட் ஆர்டர்யா. எனக்கே சட்டம் சொல்றியா?"

மரியாதைக்குறைவு என்று மெமோ வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"ஒண்டியா போய் பேஜார் பண்ணிக்கினியே," என்று சிரித்தார் சங்கச் செயலாளர். "நாளைக்கு வழக்கம்போல டியூட்டி எடுப்போம், வா."

மறுநாள் ஷெட்டில் ஒரு டயரைப் படுக்கப் போட்டு, அதன்மேல் தாளை விரித்தோம். அண்ணன் முதலில் காஞ்சிபுரம் வண்டியை எடுத்தார். வரிசையாக எல்லோரும் எடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். மேலாளருக்கு வேண்டியவர்கூட தலையைச் சொறிந்துகொண்டே வந்து போட்டார். கடைசியில் நான், மண்ரோட்டுக்கு.

அந்தத் தாளோடு காஞ்சிபுரத்தில் தொழிலாளர் அதிகாரியிடம் போனோம். அவர் மேலாளரையும் வரவழைத்தார். மேலாளர் சுற்றறிக்கையை நீட்டினார்.

அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கவர்மென்ட் ஆர்டர் இல்ல, உங்களுக்குள்ள எழுதிக்கினது சார். ஒப்பந்தத்துல ரெண்டு பேர் கையெழுத்து கீது. ஒருத்தரா எப்படி அழிப்பீங்க? தொழிலாளிக்குக் குடுத்த நோட்டீஸ காட்டுங்க."

காட்ட ஒன்றுமில்லை. மேலாளர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, வெகுநேரம் "சரிங்க சார், சரிங்க சார்" என்றார். பழைய முறையே தொடரும் என்று அவரே எழுதிக் கையெழுத்திட்டார். என் மெமோவையும் கிழித்தார்.

திங்கட்கிழமை விடிகாலை காஞ்சிபுரம் வண்டி கேட்டருகே வந்தது. அண்ணன் ஸ்டியரிங்கில் இருந்தார். அது என் வண்டி இல்லை, அதற்கு வேறு கண்டக்டர் இருந்தார். ஆனாலும் கிளம்பச் சொல்லி இரண்டு விசில் கொடுத்தது நான்தான்.