சீலக்கா போட்ட பின்சக்கர சீல்

சீலக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது ஒரு டாக்ஸிக்காரர். அவள் புருஷன் மெக்கானிக். வீட்டை ஒட்டிய கொட்டகைதான் பட்டறை. கல்யாணமான புதிதில் நட்டு போல்ட்டைக் கழுவிக் கொடுக்க உட்கார்ந்தவள், போகப் போக ஆயில் சீல் மாட்டும் வேலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்கிற வளையம் அது. வெளியே இரும்பு விளிம்பு, உள்ளே ரப்பர் உதடு, உதட்டை இறுக்கிப் பிடிக்க ஒரு மெல்லிய சுருள்கம்பி. மெக்கானிக் அதைச் சுத்தியலால் சாத்துவார், கோணிக்கொள்ளும். அவள் ரப்பர் உதட்டில் கிரீஸ் தடவி, மேலே ஒரு குழாய்த் துண்டை வைத்து, சுற்றிச் சுற்றித் தட்டி இறக்குவாள். அவள் போட்ட சீல் ஒழுகி வண்டி திரும்பி வந்ததாகப் பேச்சே இல்லை.

வாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோது அந்த வேலை நின்றது. மெக்கானிக் அவளை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். சட்டை மாட்டும்போது விழுந்த கையை முதலில் நுழைக்கக் கற்றுக்கொண்டார். படுக்கைப் புண் வராமல் வேளை தவறாமல் புரட்டிப் படுக்க வைத்தார். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் கை தேறி அவளே டம்ளரை எடுக்கப் போனால்கூட, "விடு விடு" என்று பாய்ந்து வந்துவிடுவார். துணி பிழிந்து, பட்டன் போட்டுப் பழகி, கையில் பிடி வந்தது. பட்டறைப் பக்கம் கூப்பிடத்தான் ஆளில்லை.

ஒருநாள் காலையில் அந்த டாக்ஸிக்காரர் வந்தார். பின்சக்கரத்தில் எண்ணெய் கசிந்து பிரேக் வரைக்கும் பரவியிருந்தது.

"அக்கா, வண்டி அழுவுது. நீங்க வந்துதான் கண்ணைத் தொடைக்கணும்."

"உன்னைக் கட்டி மாரடிக்கிற வண்டி அழாம என்ன செய்யும்?" என்றாள் வாசலில் நின்றபடி. பிறகு புருஷனிடம், "என்னங்க, இந்த சீலை நான் போடுறேன்" என்றாள்.

"பிரேக் பக்கம். வேணாம்."

"முன்னாடியெல்லாம் பிரேக் பக்கம்னா நீதான் போடணும்னு சொல்லுவீங்க."

மெக்கானிக் போய் ஒரு தாழ்வான ஸ்டூலைக் கொண்டுவந்து சக்கரத்தின் ஓரமாகப் போட்டார்.

அவர் அச்சை உருவி, பழைய சீலைப் பெயர்த்துக் கொடுத்தார். அவள் சீல் உட்காரும் இடத்தை விரலால் தடவினாள். "இங்க சொரசொரன்னு இருக்கு. தேய்ங்க." தேய்த்தார். வலது கை குழாயைப் பிடித்துக்கொள்ள, இடது கை தட்டியது. வலது கை நடுங்கும்போதெல்லாம் நிறுத்தினாள். நடுக்கம் அடங்கியதும் தட்டினாள். முன்பு பேச்சோடு பேச்சாக முடிகிற வேலைக்கு அரைக் காலைப்பொழுது போனது. டாக்ஸிக்காரர் வாயை மூடிக்கொண்டு நின்றார். அவருக்கு அது பெரிய காரியம். கடைசியில் தட்டும் சத்தம் கெட்டிப்பட்டது. உள்ளே விரல் விட்டுப் பார்த்தாள். சுருள்கம்பி இருந்த இடத்தில் இருந்தது.

"உட்கார்ந்துடுச்சு."

"போய்ப் படு. மத்ததை நான் மாட்டிக்கிறேன்" என்றார் மெக்கானிக்.

படுத்தாள். கை வலித்தது. வேலை செய்த வலி; அதை அவள் மறந்தே போயிருந்தாள். அப்போது சுவருக்கு அந்தப்பக்கம் இரும்பு நெம்பும் சத்தம் கேட்டது. அச்சை மாட்டுகிற சத்தமில்லை. சீலைப் பெயர்க்கிற சத்தம்.

கம்பை ஊன்றிக்கொண்டு போனாள். டாக்ஸிக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அவள் போட்ட சீல் விளிம்பு நசுங்கித் தரையில் கிடந்தது. பெயர்த்ததை மறுபடி மாட்ட முடியாது. மெக்கானிக் கையில் வேறொரு புது சீல்.

"கம்பி நழுவிடுச்சா?"

"இல்ல."

"கோணலா?"

"சரியாத்தான் இருந்துச்சு."

"விரலை விட்டுத் தடவிப் பார்த்திருக்கலாமே."

"பார்த்தேன்." அவர் தலை நிமிரவில்லை. "பார்த்தும் மனசு கேக்கல. ஸ்கூல் புள்ளைங்களை ஏத்திட்டுப் போற வண்டி."

அவள் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள். குழாய்த் துண்டை வைத்து, அவளைப் போலவே சுற்றிச் சுற்றித் தட்டினார்.

"மேல் பக்கம் கொஞ்சம் தூக்கியிருக்கு" என்றாள். அங்கே தட்டினார். சரியானது.

டாக்ஸிக்காரர் கிளம்பும்போது, "அக்கா போட்ட சீல், இனி கவலையில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பேரும் மறுக்கவில்லை.

அடுத்த வாரம் வேறொரு கார் வந்தது. மெக்கானிக் தானாகவே சீலையும் குழாயையும் எடுத்துக்கொண்டு அவள் கட்டிலுக்கு வந்தார். "இதை நீ போடு. சத்தியமா கழட்ட மாட்டேன்."

"கழட்ட மாட்டீங்க. அந்த வண்டி போற வழியையே பார்த்துட்டு நிப்பீங்க. எதுக்கு? நீங்களே போடுங்க."

அவர் கொட்டகைக்குப் போனார். அவள் இடது கையால் வலது கையைத் தூக்கி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.